பாடப் பட்டியலும் முன்னாள் மாணவர் சொல்லும்: பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்க ஓர் ஒப்பீடு

இளநிலைப் படிப்புக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்துவிட்ட மாணவர், அவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டிய சில வாரங்களில், பெரும்பாலும் இரண்டு சான்றுகளை முன்னால் வைத்துக்கொண்டு யோசிக்கிறார். ஒன்று, பல்கலைக்கழகம் வெளியிட்டிருக்கும் பாடப் பட்டியல். மற்றொன்று, அங்கே படித்து முடித்தவர்கள் வளாக வாழ்க்கையைப் பற்றிச் சொல்லும் செய்திகள். முதலாவது படிப்பைப் பற்றியது, இரண்டாவது மனநிறைவைப் பற்றியது என்று பிரித்து, இரண்டுக்கும் தனித்தனியே மதிப்பெண் போட்டுக் கூட்டிப் பார்ப்பது வழக்கமாக இருக்கிறது. இந்தப் பிரிப்பு தவறான முடிவுக்கே இட்டுச் செல்லும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு பல்கலைக்கழகம் தன் பாடங்களை எந்த முறையில் அடுக்கியிருக்கிறதோ, அந்த முறைதான் ஒரு மாணவர் யாருடன் வகுப்பில் அமர்கிறார், அவர்களுடன் எத்தனை ஆண்டுகள் தொடர்ந்து படிக்கிறார், மாலை நேரங்களில் எங்கே இருக்கிறார் என்பவற்றைப் பெருமளவு தீர்மானிக்கிறது. ஆகவே பாட அமைப்பைக் காரணமாகவும், முன்னாள் மாணவர் விவரிக்கும் வளாக வாழ்வை அதன் விளைவாகவும் கொண்டு இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் ஒப்பீடு பயன் தரும்.

ஒரு துறையில் ஆழம்

இங்கிலாந்தின் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் மாணவர் விண்ணப்பிக்கும்போதே தம் துறையைச் சொல்லிவிட வேண்டும். வரலாறு என்று சேர்ந்தவர் 3 ஆண்டுகளும் வரலாறே படிக்கிறார். வேதியியல் என்று சேர்ந்தவருக்கு முதல் வாரத்திலிருந்தே வேதியியல்தான். ஆக்ஸ்ஃபோர்டில் 1920ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தத்துவம், அரசியல், பொருளியல் ஆகியவற்றின் கூட்டுப் படிப்பைப் போல இரண்டு மூன்று துறைகளை இணைக்கும் பட்டங்களும் உள்ளன. ஆனால் அவற்றிலும் இணைப்பை முன்கூட்டியே அமைத்துத் தருவது பல்கலைக்கழகம்தான்.

இந்த அமைப்பின் பெரும் நன்மை வரிசைமுறை. முதலாண்டில் எது கற்பிக்கப்பட்டது என்பது இரண்டாம் ஆண்டு ஆசிரியருக்கு நிச்சயமாகத் தெரிவதால், அவர் அடிப்படைகளைத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மாணவரை நேராகக் கடினமான கேள்விகளுக்கு அழைத்துச் செல்ல முடிகிறது. வளாக வாழ்விலும் இதன் விளைவு தெளிவாகத் தெரியும். ஒரே துறையில் ஒரே ஆண்டில் சேர்ந்தவர்கள் மூன்று ஆண்டுகள் ஒரே பாடங்களை, ஒரே தேர்வுகளை, ஒரே ஆய்வகத்தைப் பகிர்ந்துகொள்வதால், இத்தகைய இடங்களில் படித்தவர்கள் தங்கள் நண்பர்களைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் வகுப்புத் தோழர்களைப் பற்றியே பேசுகிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் இதில் சற்று வேறுபடுகின்றன. அங்கே பல துறை மாணவர்களும் கலந்து வாழும் கல்லூரிகள் இருப்பதால், துறைத் தோழமை ஒன்று, கல்லூரித் தோழமை மற்றொன்று என இரண்டு வட்டங்கள் மாணவருக்குக் கிடைக்கின்றன.

இதன் பெருங்குறை எது என்று கேட்டால், பள்ளியை விட்டு வெளிவரும் வயதில் ஒருவர் தமக்குத் தெரிந்த பாடங்களிலிருந்து மட்டுமே தெரிவு செய்ய முடியும் என்பதைத்தான் சொல்வேன். மொழியியல், மானுடவியல், புவியமைப்பியல், தருக்கவியல் போன்றவை பல பள்ளிகளில் கற்பிக்கப்படுவதில்லை. பார்த்திராத துறையின் மீது ஒருவருக்கு ஆர்வம் எழ வாய்ப்பில்லை. ஆர்வம் பின்னால் எழுந்தாலும், துறை மாறுவது மீண்டும் முதலாண்டில் சேர்வதற்குச் சமமாகிவிடுகிறது.

இதற்கு இடைப்பட்ட வழியைக் கண்ட அமைப்புகளும் உண்டு. ஸ்காட்லாந்தில் ஆனர்ஸ் பட்டம் பொதுவாக 4 ஆண்டுகள். முதல் இரண்டு ஆண்டுகளில் முதன்மைத் துறையுடன் வேறு துறைப் பாடங்களையும் சேர்த்துப் படிக்கலாம், சில வேளைகளில் அவற்றுள் ஒன்றுக்கே மாறிவிடலாம். கேம்பிரிட்ஜின் இயற்கை அறிவியல் படிப்பில் முதலாண்டு மாணவர் மூன்று அறிவியல் பாடங்களையும் ஒரு கணிதப் பாடத்தையும் எடுத்துக்கொண்டு, பிறகு ஆண்டுதோறும் வட்டத்தைச் சுருக்கிக்கொண்டே போகிறார். இயற்பியலா வேதியியலா என்று உறுதியாகச் சொல்ல முடியாமல், ஆனால் அறிவியல் என்பதில் உறுதியாக இருக்கும் மாணவருக்கு இத்தகைய அமைப்பைவிடப் பொருத்தமானதை நான் காணவில்லை.

விருப்பப் பாடங்களின் பரப்பு

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் பட்டம் பொதுவாக 4 ஆண்டுகள், ஏறத்தாழ 120 கிரெடிட்டுகள் (படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகுகள்). முதன்மைத் துறையை இரண்டாம் ஆண்டின் இறுதிக்குள் அறிவித்தால் போதும் என்பது பரவலான நடைமுறை. இதைக் கேட்கும் மாணவர் உடனே எண்ணிக்கொள்வது, விரும்பியதை விரும்பியபோது படிக்கலாம் என்பதே. ஆனால் பரந்த படிப்பு என்ற ஒரே பெயரின் கீழ் ஒன்றுக்கொன்று நேர்மாறான அமைப்புகள் இருக்கின்றன.

பிரவுன் பல்கலைக்கழகம் 1969இல் ஏற்றுக்கொண்ட திறந்த பாடத்திட்டத்தில் எல்லோருக்கும் பொதுவான கட்டாயப் பாடத்தொகுதி கிடையாது. முதன்மைத் துறையின் நிபந்தனைகளை நிறைவு செய்துவிட்டு மற்றவற்றை மாணவரே அமைத்துக்கொள்கிறார். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் இளநிலைக் கல்லூரியிலோ, 1919இல் தொடங்கிய ஒரு பாடத்திலிருந்து வளர்ந்த மையப் பாடத்திட்டத்தை எந்தத் துறை மாணவரும் படித்தாக வேண்டும். அனாபோலிஸ் நகரின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரி இன்னும் ஒரு படி மேலே சென்று, 1937 முதல் அனைவருக்கும் ஏறத்தாழ ஒரே பாடத்தை வைத்திருக்கிறது. அங்கே துறைகளே இல்லை; மூல நூல்களைப் படித்து வட்ட மேசையில் விவாதிக்கிறார்கள். இதனால் அங்கே பல பத்தாண்டு இடைவெளியில் படித்த இருவர் சந்தித்தால்கூட, தாம் படித்த அதே நூலைப் பற்றி உடனே பேசத் தொடங்க முடியும். முன்னாள் மாணவர் உறவு என்பது எவ்வளவு தூரம் பாடத்திட்டத்தால் ஆக்கப்படுகிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

விருப்பப் பாட முறையின் வரலாற்றிலேயே இந்தத் தொடர்பு வெளிப்பட்டிருக்கிறது. ஹார்வர்டின் தலைவராக 1869 முதல் 1909 வரை இருந்த சார்லஸ் எலியட், கட்டாயப் பாடங்களைப் படிப்படியாகக் குறைத்து, தெரிவு செய்யும் உரிமையை மாணவர் கையில் கொடுத்தார். அறிவியலும் புதிய மொழிகளும் பல்கலைக்கழகத்துக்குள் நுழைய அது வழி திறந்தது. அதே வேளையில், மாணவர் பலர் தொடக்கநிலைப் பாடங்களையே அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்துப் பட்டத்தை முடித்தார்கள் என்ற குறையும், ஒரே ஆண்டில் சேர்ந்தவர்களுக்குள் பொதுவான எதுவும் இல்லாமல் போயிற்று என்ற குறையும் எழுந்தன. அவருக்குப் பின் பொறுப்பேற்ற அபட் லாரன்ஸ் லோவெல் இரண்டு மாற்றங்களைச் செய்தார். ஒரு துறையில் குவிந்தும் மற்றத் துறைகளில் பரந்தும் படிக்க வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தது ஒன்று. மாணவர்கள் ஆசிரியர்களுடன் சேர்ந்து வாழும் இல்லங்களை 1930இல் திறந்தது மற்றொன்று. பாடத்தையும் தங்குமிடத்தையும் ஒரே சிக்கலின் இரண்டு முனைகளாக அவர் பார்த்தார் என்பதே இங்கு நமக்கு முக்கியம். ஆனால் அதே லோவெல் முதலாண்டு விடுதிகளில் கறுப்பின மாணவர்களைச் சேர்க்க மறுத்தவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வளாகத்தின் ஒற்றுமையைப் பற்றி யார் பேசினாலும், அந்த ஒற்றுமைக்குள் யார் யாருக்கு இடம் இருந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

பரந்த அமைப்பில் ஒவ்வொரு பருவத்திலும் வகுப்பறை முகங்கள் மாறிவிடுகின்றன. காலையில் ஒரு குழு, பிற்பகலில் வேறொரு குழு, அடுத்த பருவத்தில் இரண்டும் இல்லை. ஆகவே இங்கே நட்பு பெரும்பாலும் விடுதியிலும் மன்றங்களிலும் இசைக்குழுவிலும் விளையாட்டு அணியிலும்தான் உருவாகிறது. அமெரிக்க முன்னாள் மாணவர்கள் வளாக வாழ்வைப் பற்றிப் பேசும்போது வகுப்பை விட்டுவிட்டு விடுதியையும் மன்றங்களையும் மிகுதியாகச் சொல்வதை, படிப்பில் அக்கறை இல்லாமைக்கு அடையாளமாகச் சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது பாட அமைப்பின் இயல்பான விளைவு. இதிலிருந்து ஒரு நடைமுறை முடிவும் கிடைக்கிறது: விருப்பப் பாடங்கள் மிகுந்த ஒரு பல்கலைக்கழகத்தில், விடுதியில் தங்காமல் வெளியிலிருந்து வந்து போகும் மாணவர், துறைவழிப் படிப்பில் வந்து போகும் மாணவரைவிடத் தனிமைக்கு எளிதில் ஆளாவார். வந்து போகத்தான் முடியும் என்ற நிலையில் இருப்பவர், ஒரே குழுவாகப் படிக்கும் அமைப்பையே தேர்ந்தெடுப்பது நல்லது என்று நான் கருதுகிறேன்.

வேலையோடு கலந்த படிப்பும் தொலைவிலிருந்து படிப்பதும்

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957இல் தொடங்கியதிலிருந்தே படிப்புப் பருவத்தையும் ஊதியத்துடன் கூடிய வேலைப் பருவத்தையும் மாற்றி மாற்றி வைக்கும் முறைக்குப் பெயர் பெற்றது. படிப்பு முடியும்போது மாணவரிடம் பட்டத்தோடு பணி அனுபவமும் இருக்கும் என்பது இதன் வலிமை. ஆனால் நான்கு மாதம் வளாகத்தில், நான்கு மாதம் வேறோர் ஊரில் என்று வாழ்வதால், ஒரு மாணவர் வளாகத்தில் இருக்கும்போது அவருடைய நண்பர் வேலையில் இருக்கலாம். மன்றப் பொறுப்புகளைத் தொடர்ந்து வகிப்பது கடினம். தங்குமிடத்தை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். இவற்றைப் பாடப் பட்டியல் சொல்லாது. அப்படிப் படித்தவர் சொல்வார்.

தொலைநிலைக் கல்விக்கு நீண்ட மரபு உண்டு. லண்டன் பல்கலைக்கழகம் 1858 முதல் வெளி மாணவர்களுக்குப் பட்டம் வழங்கி வருகிறது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969இல் நிறுவப்பட்டு, 1971இல் முதல் மாணவர்களுக்குக் கற்பிக்கத் தொடங்கியது. வேறு பல்கலைக்கழக வளாகங்களில் அது நடத்திய கோடைக்காலப் பள்ளிகளை, அதில் படித்த பலர் தங்கள் வளாக வாழ்வாகவே நினைவுகூர்கிறார்கள். வேலையையோ குடும்பப் பொறுப்பையோ விட முடியாதவருக்கு இது இரண்டாந்தர வழி அல்ல. நேரில் கூடும் வாய்ப்பு ஆண்டில் எத்தனை முறை, அது கட்டாயமா என்ற ஒரு கேள்வியை மட்டும் இங்கே மறக்காமல் கேட்க வேண்டும்.

பட்டியலை எப்படிப் படிப்பது

எந்த அமைப்பானாலும், பாடப் பட்டியலின் நீளத்தைக் கண்டு மயங்குவதுதான் முதல் இடர். பட்டியலில் இருப்பவை, அந்தத் துறை என்றாவது கற்பிக்க அனுமதி பெற்ற பாடங்கள். இந்த ஆண்டு எவை கற்பிக்கப்படுகின்றன என்பதைக் கால அட்டவணைதான் காட்டும். ஒரு துறை 40 விருப்பப் பாடங்களைப் பட்டியலிட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றுள் ஒரு பருவத்தில் 12 மட்டும் நடத்தப்படலாம். அந்த 12இல் சில, கட்டாயப் பாடம் நடக்கும் அதே நேரத்தில் வைக்கப்பட்டிருக்கும். இன்னும் சிலவற்றுக்கு முன்தேவைப் பாடம் இருக்கும். அந்த முன்தேவைப் பாடம் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை நடத்தப்படுவதாக இருக்கலாம். மீதமுள்ளவற்றில் இடம் குறைவாக இருந்து, மூன்றாம் நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு முன்னுரிமை தரப்படலாம். இவ்வளவும் கழிந்த பின் இரண்டாம் ஆண்டு மாணவர் கையில் எஞ்சுவது நான்கு அல்லது ஐந்து பாடங்கள். இதே நேரத்தில், 15 விருப்பப் பாடங்களை மட்டும் பட்டியலிட்டு அவற்றை ஆண்டுதோறும் தவறாமல் நடத்தும் சிறிய துறை, அந்த மாணவருக்கு உண்மையில் கூடுதலான தெரிவைத் தந்திருக்கும்.

ஆகவே பட்டியலை வைத்து ஒப்பிடுபவர், கடந்த இரண்டு ஆண்டுகளின் கால அட்டவணைகளையும் தேடி எடுத்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பல பல்கலைக்கழகங்கள் இவற்றை எவரும் பார்க்கும்படி வெளியிடுகின்றன. வெளியிடாத இடத்தில் துறை அலுவலகத்தைக் கேட்டுப் பெறலாம். தமக்கு மிகவும் பிடித்த மூன்று பாடங்களைக் குறித்துக்கொண்டு, அவை எத்தனை முறை நடந்தன, யார் கற்பித்தார், அவர் இன்னும் அங்கே இருக்கிறாரா என்று பார்த்தாலே பாதிப் படம் தெரிந்துவிடும். ஒரே ஓர் ஆசிரியரின் ஆர்வத்தால் நடந்துவந்த அரிய பாடம், அவர் ஓய்வு பெற்றதும் பட்டியலில் பெயராக மட்டும் நிற்பது எல்லா நாடுகளிலும் உண்டு.

கிரெடிட் எண்ணிக்கையை நாட்டுக்கு நாடு நேராக ஒப்பிடுவதும் பொருந்தாது. ஐரோப்பிய முறையில் ஒரு முழு ஆண்டுப் படிப்பு 60 கிரெடிட். ஒவ்வொன்றும் வகுப்பு, வாசிப்பு, தேர்வுத் தயாரிப்பு எல்லாம் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பைக் குறிக்கிறது. அங்கே இளநிலைப் பட்டம் பொதுவாக 180 முதல் 240 கிரெடிட். அமெரிக்காவின் 120ஐ இதனுடன் வைத்து, ஐரோப்பாவில் பாடச்சுமை அதிகம் என்று முடிவு கட்டினால் அது பிழை, அளவுகோலே வேறு. எண்ணிக்கையை விட்டுவிட்டு, ஒரு பருவத்தில் ஒரே நேரத்தில் எத்தனை பாடங்கள் என்று கேட்பது தெளிவான விடையைத் தரும்.

மருத்துவம், செவிலியம், பொறியியல், கட்டடக்கலை போன்ற தொழிற்கல்விகளுக்கு மேலே சொன்னவை குறைவாகவே பொருந்தும். தொழில் செய்ய உரிமம் வழங்கும் அமைப்புகளின் நிபந்தனைகளே அங்கே பெரும்பாலான பாடங்களை முடிவு செய்துவிடுகின்றன. அத்துறைகளில் பாடப் பட்டியல்கள் ஒன்றுபோலவே இருக்கும். பயிற்சி மருத்துவமனை, ஆய்வகம், பட்டறை ஆகியவற்றில் ஒரு மாணவருக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்பதில்தான் வேறுபாடு.

யாரிடம், எதைக் கேட்பது

முன்னாள் மாணவர் சொல்லைப் பொருட்படுத்த வேண்டாம் என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. ஆனால் அதை எடை போட்டுக் கேட்க வேண்டும். முன்னாள் மாணவர் சங்கம் என்பது இன்று நேற்று வந்ததல்ல. அமெரிக்காவின் வில்லியம்ஸ் கல்லூரியில் அத்தகைய சங்கம் 1821இலேயே தோன்றியது. சங்கங்கள் யாரை ஒன்று சேர்க்கின்றன என்பதும் பாட அமைப்பைப் பொறுத்தே இருக்கிறது. அமெரிக்காவில் பட்டம் பெற்ற ஆண்டை வைத்துக் கூடுகிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் தங்கள் கல்லூரியில், சேர்ந்த ஆண்டை வைத்துக் கூடுகிறார்கள். துறைவழிப் படிப்பு வலுவாக உள்ள இடங்களில் துறைச் சங்கமே உயிர்ப்புடன் இருக்கிறது. வேலை தேடும் காலத்தில் தமக்கு உதவக்கூடியவர் ஒரே துறையில் இருப்பவரா, பல துறைகளில் பரவியிருப்பவரா என்பது இதனால் மாறுபடும்.

சங்கக் கூட்டத்துக்கு வருபவர்கள் படிப்பை முடித்தவர்கள், பெரும்பாலும் அங்கே நன்றாக வாழ்ந்தவர்கள். இடையில் விலகியவர்கள் அங்கே வருவதில்லை; பல்கலைக்கழகத்தின் விளம்பர ஏட்டிலும் அவர்கள் பேசுவதில்லை. எனவே, உங்கள் ஆண்டில் சேர்ந்தவர்களில் யார் விலகினார்கள், எதனால் விலகினார்கள் என்ற கேள்வியை முடித்தவரிடமே கேட்க வேண்டும். இந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் விடை, இனிமையாக இருந்தது என்ற பத்துப் பேரின் பொதுச் சொல்லைவிட மதிப்பு மிக்கது.

இருபது ஆண்டுகளுக்கு முன் படித்தவர், கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் முடித்தவர் ஆகிய இருவரிடமும் கேட்கலாம். ஆனால் வெவ்வேறு கேள்விகளை. பாடங்கள், ஆசிரியர்கள், விடுதி பற்றி முன்னவர் சொல்வது இன்று பொருந்தாமல் போயிருக்கலாம். அவரிடம் கேட்க வேண்டியது, அங்கே படித்தது இத்தனை காலம் கழித்து எதற்கு உதவுகிறது, எந்தப் பாடத்தைப் படிக்காமல் விட்டது பின்னால் குறையாகத் தெரிந்தது என்பதை. அண்மையில் முடித்தவரிடம் கேட்க வேண்டியவை சிறுசிறு விவரங்கள்: விரும்பிய பாடத்தில் இடம் கிடைக்காமல் போனது உண்டா, துறை மாற முயன்றவருக்கு என்ன நடந்தது, வழிகாட்டும் ஆசிரியரைப் பருவத்துக்கு எத்தனை முறை சந்திக்க முடிந்தது, வாரக் கடைசியில் வளாகத்தில் யார் இருந்தார்கள், தம்மைப் போன்ற பின்னணி உள்ளவர் அங்கே தயங்காமல் இருக்க முடிந்ததா. பொதுவாக எப்படி இருந்தது என்று கேட்டால் பொதுவான விடைதான் கிடைக்கும்.

எது யாருக்கு

ஒரு துறையில் பள்ளிக்காலத்திலேயே ஆழ்ந்துவிட்டு, பாடநூலுக்கு வெளியேயும் அதைத் தேடிப் படித்து வருபவர், துறைவழிப் பட்டத்தைத் தயங்காமல் எடுக்கலாம். அவருக்கு நான்கு ஆண்டுப் பரந்த படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகள் சிறந்த ஓய்வாக இருக்குமே தவிர, தேவையாக இருக்காது. இரண்டு அண்டைத் துறைகளுக்கிடையே தயங்குபவருக்கு ஸ்காட்லாந்து, கேம்பிரிட்ஜ் வகை அமைப்புகள் ஏற்றவை.

எதிலும் உறுதி இல்லாதவருக்குப் பரந்த படிப்பே சரியானது என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அதையே சொல்கிறேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு: முதலாண்டிலிருந்தே பெயர் குறிப்பிட்ட ஓர் ஆசிரியர் அந்த மாணவருக்கு வழிகாட்டியாக இருக்க வேண்டும், அவரை உண்மையில் சந்திக்க முடிந்ததாக அண்மைய மாணவர்கள் சொல்ல வேண்டும். அது இல்லாத இடத்தில், உறுதியற்ற மாணவருக்குக் கிடைக்கும் சுதந்திரம் எலியட் காலத்துக் குறையைத்தான் திரும்பக் கொண்டுவரும். நான்கு ஆண்டுகள் கழித்து அவரிடம் பல தொடக்கங்கள் இருக்கும், ஒன்றின் தொடர்ச்சியும் இருக்காது. வழிகாட்டுதல் பலவீனமான பெரிய பல்கலைக்கழகத்தின் பரந்த படிப்பும், அக்கறையுள்ள ஆசிரியர்களைக் கொண்ட சிறிய துறையின் குறுகிய படிப்பும் முன்னால் இருந்தால், உறுதியற்ற மாணவருக்குக்கூட இரண்டாவதையே நான் பரிந்துரைப்பேன்.

எல்லாவற்றையும் பார்த்த பின்னும் இரண்டு இடங்கள் சமமாகவே தோன்றினால், மாறும் வழி எங்கே எளிது என்பதைப் பார்க்கலாம். துறை மாற்றத்துக்கான விதி என்ன, எந்தப் பருவம் வரை அனுமதி, அதற்குள் படித்த பாடங்களின் கிரெடிட் புதிய துறையில் கணக்கில் வருமா, உதவித்தொகை தொடருமா என்ற நான்கு கேள்விகளையும் இரண்டு பல்கலைக்கழகங்களின் சேர்க்கை அலுவலகங்களுக்கும், சேர்வதாக உறுதி சொல்ல வேண்டிய கடைசி நாளுக்கு முன்பாகவே, எழுத்தில் அனுப்பி எழுத்திலேயே விடை பெற வேண்டும். தொலைபேசியில் வாய்மொழியாகச் சொல்லப்படும் உறுதியைப் பின்னால் எவரிடமும் காட்ட முடியாது.